சுகரே இல்லாதவருக்கு லோ சுகரா?

கேள்வி: எனக்கு 38 வயது. ஈரோடு பக்கம் ஒரு தையல் யூனிட்டில் சூப்பர்வைசராக இருக்கிறேன். எட்டு மாதமாக விடிகாலையில் ஒரு மாதிரி ஆகிவிடுகிறது. உடம்பெல்லாம் வேர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறுகிறது. போன மாதம் ஒருநாள் பெற்ற மகளையே ‘நீ யாரு?’ என்று கேட்டேனாம், எனக்கு நினைவில்லை. கணவர் சர்க்கரை போட்டு டீ கொடுத்தால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் தெளிந்துவிடும். மாமியாருக்குச் சர்க்கரை நோய் என்பதால் வீட்டில் மெஷின் இருக்கிறது. அந்த நேரத்தில் குத்திப் பார்த்ததில் 47, 51, 44 என்று காட்டியது. எனக்குச் சர்க்கரை நோய் கிடையாது. நான்கு டாக்டர்களைப் பார்த்துவிட்டேன். முதலாமவர் டென்ஷன் என்று சொல்லி, படபடப்புக்குப் புரோப்ரனலால் மாத்திரை கொடுத்தார். அடுத்தவர் கேஸ் டிரபிள் என்றார். மூன்றாமவர் ரத்தம் பார்த்தார். வெறும் வயிற்றில் 82, ஹெச்பிஏ1சி 5.1. ‘எல்லாம் நார்மல், சுகரே இல்லாதவருக்கு லோ சுகர் எப்படி வரும், அந்த மெஷினைத் தூக்கிப் போடுங்கள்’ என்றார். (லேப்புக்குப் போகும் வழியில் மயக்கம் வந்துவிடுமோ என்று பயந்து அன்று ஒரு டீ குடித்துவிட்டுத்தான் போனேன்.) நான்காமவர் வலிப்பாக இருக்கலாம் என்று மூளை அலைகளைப் பதியும் இஇஜி எடுத்தார். அது நார்மல், ஆனாலும் மாத்திரை எழுதினார். பசி தாங்காமல் இரண்டு மணிக்கொரு தரம் சாப்பிட்டு ஏழு கிலோ ஏறிவிட்டேன். முடி கொட்டுவதற்கு ஒரு மாத்திரையும், கால் எரிச்சலுக்கு ஒரு நரம்பு மாத்திரையும் எடுக்கிறேன். யாரையாவது ஒழுங்காகப் பரிசோதிக்க வைப்பது எப்படி?

— ஈரோடு மாவட்ட வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அடைப்புக்குறிக்குள் போட்டு நீங்கள் ஒதுக்கிவிட்ட அந்த டீயிலிருந்தே தொடங்குகிறேன். டீ குடித்துவிட்டுப் போனதால் அந்த 82 வெறும் வயிற்று அளவே அல்ல. சீட்டில் ‘ஃபாஸ்டிங்’ என்று அச்சாகிவிட்டதால், மூன்றாம் டாக்டர் அதைப் பார்த்துக் கதவைச் சாத்தினார். நான்காமவர் மூன்றாமவரின் சீட்டைப் பார்த்து வேறு பக்கம் போனார். உங்களுக்கு இதுவரை வெறும் வயிற்று ரத்தப் பரிசோதனை ஒருமுறைகூட நடக்கவில்லை. அடுத்து பார்க்கும் டாக்டரிடம் முதல் வாக்கியமாக இதைச் சொல்லுங்கள்.

ஹெச்பிஏ1சி விஷயமும் இப்படித்தான். அது இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி. 5.1 என்றால் சராசரி ஏறக்குறைய 100 மி.கி. விடியற்காலையில் 44-க்கு இறங்கி, டீயும் பன்னும் சாப்பிட்டு 150-க்கு ஏறினாலும் சராசரி அங்கேயேதான் நிற்கும். சர்க்கரை நோயைக் கண்டுபிடிக்க அது நல்ல சோதனை. சர்க்கரை தாழ்ந்து போவதைக் கண்டுபிடிக்க அது உதவாது.

டாக்டர்கள் ஏன் தட்டிக் கழிக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் அவர்களோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. மயக்கம், படபடப்பு, வியர்வை என்று வருபவர்களில் மிகப் பெரும்பாலோருக்குச் சர்க்கரை தாழ்ந்திருக்காது. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுக்காத ஒருவருக்கு உண்மையான தாழ்சர்க்கரை அரிது. அதன் காரணங்களில் அதிகம் பேசப்படும் இன்சுலினோமா என்ற, இன்சுலினை அளவு மீறிச் சுரக்கும் கணையக் கட்டி, பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு நான்கு பேர் அளவில்தான் வருகிறது. ஒரு பொது மருத்துவர் தன் வாழ்நாளில் ஒன்றைக்கூடப் பார்க்காமல் ஓய்வு பெறலாம். அதோடு, வீட்டு மெஷினின் எண்ணை வைத்து யாரும் இந்த நோயை உறுதி செய்வதில்லை; செய்யவும் கூடாது. அதனால் ‘மெஷினை நம்பாதீர்கள்’ என்றதில் பாதி நியாயம் உண்டு. ‘அப்படியானால் லேபில் பார்த்துவிடலாம்’ என்ற மறுபாதியை அவர் சொல்லாமல் விட்டதுதான் தவறு.

இந்த மறுபாதிக்கு மருத்துவத்தில் ஒரு பெயர் உண்டு. ஆலன் விப்பிள் என்ற நியூயார்க் அறுவை மருத்துவர் 1930களில் வகுத்த மூன்று நிபந்தனைகள், இன்றும் ‘விப்பிள் ட்ரயாட்’ என்றே வழங்குகின்றன. சர்க்கரை தாழ்ந்ததற்குரிய தொந்தரவு இருக்க வேண்டும். அதே நேரத்தில் எடுத்த ரத்தத்தில், நம்பகமான முறையில் அளந்து, சர்க்கரை தாழ்ந்திருக்க வேண்டும். சர்க்கரையை ஏற்றியதும் தொந்தரவு தீர வேண்டும். மூன்றும் சேர்ந்தால் மேற்கொண்டு துருவியாக வேண்டும், இல்லாவிட்டால் வேண்டாம் என்பது உலகெங்கும் ஹார்மோன் மருத்துவர்கள் பின்பற்றும் விதி. உங்களுக்கு முதலாவதும் மூன்றாவதும் கச்சிதமாக இருக்கின்றன. வெறும் படபடப்பு என்றால் நானும் தயங்குவேன். ஆனால் மகளை அடையாளம் தெரியாமல் போவதும் பேச்சு குழறுவதும் மூளைக்கே சர்க்கரை போதாததன் அறிகுறிகள். டென்ஷனில் அப்படி வராது. குறைவது நடுவில் உள்ள ஒன்று மட்டும்: தொந்தரவு இருக்கும்போதே எடுத்த லேப் ரத்தம். இனி உங்கள் முயற்சி முழுவதும் அந்த ஒரு ஊசிக் குத்தை நோக்கி இருக்கட்டும்.

அதற்கு முன் வீட்டில் செய்ய வேண்டியவை. மெஷினைத் தூக்கிப் போட வேண்டாம். சரியாகப் பயன்படுத்தினால் டாக்டரை அசைக்க அது போதும். வீட்டு மெஷின்களுக்கான உலகத் தரத்தின்படி, 100-க்குக் கீழே உள்ள அளவில் 15 மி.கி. வரை கூடவோ குறையவோ காட்ட அனுமதி உண்டு. அதாவது 51 காட்டினால் உண்மையில் 66 ஆகவும் இருக்கலாம், 36 ஆகவும் இருக்கலாம். தனியாக நிற்கும் 51-க்கு அதனால்தான் மதிப்பில்லை. கையை சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, விரல் நுனியின் பக்கவாட்டில் குத்தச் சொல்லுங்கள். வேர்த்துச் சில்லிட்ட விரலைப் பிழிந்து ரத்தம் எடுத்தால் எண் தவறும். கையைத் தொங்கவிட்டால் தானே சொட்டு வரும். ஸ்ட்ரிப் டப்பாவைத் திறந்து எத்தனை மாதம் ஆயிற்று என்று பாருங்கள். எத்தனை மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது டப்பாவிலேயே இருக்கும். மூடியைத் திறந்து சமையலறை ஜன்னலில் வைத்த ஸ்ட்ரிப் எதை வேண்டுமானாலும் காட்டும். தாழ்ந்த எண் வந்தால் இன்னொரு விரலில் இன்னொரு ஸ்ட்ரிப். மெஷினின் தேதியும் நேரமும் சரியாக இருக்கட்டும். பல வீடுகளில் அது வாங்கிய நாளிலிருந்து தப்பாகவே ஓடிக்கொண்டிருக்கும், நாலு மாதம் கழித்துப் பார்க்கும்போது எந்த எண் எந்தக் காலை என்று யாருக்கும் தெரியாது.

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். கடைசியாகச் சாப்பிட்ட நேரம், தொந்தரவு தொடங்கிய நேரம், என்ன தொந்தரவு, மெஷின் எண், என்ன கொடுத்தார்கள், பதினைந்து நிமிடம் கழித்து மெஷின் எண், அப்போது எப்படி இருந்தீர்கள். தொந்தரவை எழுதிய பிறகே மெஷினைப் பார்க்கச் சொல்லுங்கள். எண்ணைப் பார்த்துவிட்டால் இல்லாத நடுக்கமும் வந்துவிடும். நன்றாக இருக்கும் காலைகளில் இரண்டு மூன்று முறையும் குத்தி எழுதுங்கள். நன்றாக இருக்கும்போது 80, குழறும்போது 44 என்று ஒரே மெஷின் காட்டினால், மெஷின் தப்பு என்ற வாதம் பாதி செத்துவிடும்.

இதைவிட வலுவான சாட்சி வீடியோ. கணவர் சர்க்கரை கரைக்கும் அந்த அரை நிமிடத்தில் மகள் போனில் எடுக்கட்டும். ‘அம்மா, இன்னைக்கு என்ன கிழமை? நான் யாரு?’ என்று இரண்டே கேள்வி, பிறகு மெஷினின் திரை. பதினைந்து நிமிடம் கழித்து அதே கேள்விகளோடு இன்னொரு வீடியோ. வலிப்பா, மனநோயா, சர்க்கரையா என்று குழம்பும் டாக்டருக்கு இந்த இரண்டும் பத்து நிமிட விளக்கத்துக்குச் சமம். படம் எடுப்பதற்காகச் சர்க்கரை கொடுப்பதை ஒரு நிமிடம்கூடத் தள்ளிப் போடக் கூடாது.

கையில் ஒட்டிக்கொண்டு சர்க்கரையைத் தொடர்ந்து அளக்கும் 14 நாள் சென்சாரை யாராவது பரிந்துரைக்கலாம். எந்த நேரத்தில் இறங்குகிறது என்ற வடிவத்தைக் காட்ட அது நல்லது, ஆதாரமாகச் செல்லாது. அந்தக் கையின் மேல் படுத்துத் தூங்கினாலே இல்லாத தாழ்வைக் காட்டும்.

அடுத்து மாத்திரைகள். வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும், மாமியாருடையதையும் சேர்த்து, மேசையில் பரப்பிப் போட்டோ எடுங்கள். மாமியார் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற, சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரை எதையாவது எடுக்கிறாரா? இருவர் மாத்திரையும் ஒரே டப்பாவில் கிடக்கிறதா? மருந்துக் கடையில் அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது பெயர் இருக்கும் பாதி போய்விட்டதா? ஒரு கிளிமிபிரைடு மாத்திரை தவறி உங்கள் வாய்க்குப் போனாலும் ரத்தத்தில் இன்சுலினோமாவை அச்சு அசலாக ஒத்த படம்தான் தெரியும். நாட்டு மருந்து, சூரணம், லேகியம் என்று ஏதாவது எடுத்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ‘மூலிகை’ என்று விற்கும் பொடிகளில் இதே சர்க்கரை மாத்திரையையோ ஸ்டீராய்டையோ கலப்பது புதிதல்ல.

உங்கள் நரம்பு மாத்திரையின் அட்டையில் மெத்தில்கோபாலமின் என்ற பி12 வைட்டமினோடு ‘ஆல்ஃபா லிப்போயிக் ஆசிட்’ என்று இருக்கிறதா பாருங்கள். கால் எரிச்சலுக்கு இங்கே சர்வ சாதாரணமாக எழுதப்படும் சேர்க்கை அது. சிலருக்கு மட்டும் அது இன்சுலினுக்கு எதிரான ஆன்டிபாடியை (நோய் எதிர்ப்புப் புரதத்தை) உடலில் கிளப்பிவிடும். அந்த ஆன்டிபாடி இன்சுலினைப் பிடித்து வைத்துக்கொண்டு, நேரங்கெட்ட நேரத்தில் விடுவிக்கும், சர்க்கரை சரியும். 1970-ல் ஜப்பானில் ஹிராட்டா என்ற மருத்துவர் விவரித்த நோய் இது. தைராய்டு அதிகமாகச் சுரப்பதற்குக் கொடுக்கும் கார்பிமசோலும் இதைச் செய்யும். உங்கள் மாத்திரையில் அது இருந்தால், எழுதிக் கொடுத்தவரிடம் சொல்லி நிறுத்திவிட்டு, தொடங்கிய தேதியையும் நிறுத்திய தேதியையும் நோட்டில் குறியுங்கள். ஆன்டிபாடி மறைய மாதங்கள் ஆகும் என்பதால், நிறுத்தினாலும் பரிசோதனை பாழாகாது.

முடி மாத்திரையின் கதை வேறு. அதில் அநேகமாக பயோட்டின் என்ற வைட்டமின் இருக்கும். அது சர்க்கரையைத் தொடாது, ஆனால் லேப் மெஷினை ஏமாற்றும். பல லேப்களின் இன்சுலின், சி-பெப்டைடு (கணையம் இன்சுலினோடு சேர்த்தே வெளிவிடும் துண்டு) சோதனைகள் பயோட்டினையே ஒட்டுப் பசையாகக் கொண்டு இயங்குபவை. ரத்தத்தில் பயோட்டின் மிதந்தால் இன்சுலின் இருப்பதைவிடக் குறைவாகத் தெரியும், சர்க்கரையைத் தாங்கிப் பிடிக்கும் கார்டிசால் என்ற ஹார்மோன் கூடுதலாகத் தெரியும். எட்டு மாதம் அலைந்து பிடித்த ரத்தம், ஒரு முடி மாத்திரையால் ‘நார்மல்’ என்று வந்தால் எப்படியிருக்கும்? பரிசோதனைக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே நிறுத்திவிடுங்கள்.

புரோப்ரனலாலைப் பற்றிச் சொல்ல வருத்தமாக இருக்கிறது. சர்க்கரை சரியும்போது நெஞ்சு படபடப்பதும் கை நடுங்குவதும் உடம்பு அடிக்கும் எச்சரிக்கை மணி. இந்த மாத்திரை மணியின் நாக்கைக் கட்டிவிடும். நடுக்கம் வராமலே நேராகக் குழறலுக்கும் நினைவிழப்புக்கும் போகலாம். இதையும் வலிப்பு மாத்திரையையும் நீங்களாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது. அடுத்த டாக்டரிடம் முதல் நாளே கேட்டு, அவர் சொல்லும் வேகத்தில் குறையுங்கள்.

இப்போது அந்த ஊசிக் குத்து. சர்க்கரை கொடுப்பதற்கு முன், ஒரே குத்தில் எடுக்க வேண்டியவை: லேப் முறைப்படி குளுக்கோஸ், இன்சுலின், சி-பெப்டைடு, பீட்டா ஹைட்ராக்ஸிபியூட்ரேட் என்ற கீட்டோன் (சர்க்கரை போதாதபோது உடல் கொழுப்பை எரித்து உண்டாக்கும் பொருள்), கார்டிசால். கிடைத்தால், இன்சுலினாக மாறுமுன் உள்ள புரோஇன்சுலின். ஒரு டியூப் சீரத்தை உறைய வைத்தால், சல்ஃபோனைல்யூரியா வகை சர்க்கரை மாத்திரைகளுக்கான சோதனையையும் இன்சுலின் ஆன்டிபாடி சோதனையையும் பிறகு அனுப்பிக்கொள்ளலாம். சிறுநீர்க் கீட்டோன் இதற்கு மாற்றாகாது. அது வேறொரு கீட்டோனை அளப்பது. டீயோ குளுக்கோஸோ உள்ளே போனபின் எடுத்த இன்சுலின் அளவால் பயனில்லை. இனிப்புச் சாப்பிட்டால் யாருக்கும் இன்சுலின் ஏறும்.

இதில் எங்கே சறுக்கும் என்றால், டியூப்பில். ரத்தம் டியூப்பில் இருக்கும்போதும் செல்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். பிரிக்காமல் சாதாரண வெப்பத்தில் வைத்தால் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். காலை ஏழு மணிக்கு வீட்டில் எடுத்து, பையில் போட்டு, பத்து வீடு சுற்றி மதியம் லேப் சேர்ந்த ரத்தம் உங்களுக்கு இல்லாத தாழ்சர்க்கரையைக் காட்டிவிடும். சாம்பல் மூடி டியூப்பில் இதைத் தடுக்கும் ஃபுளோரைடு உண்டு. ஆனால் அது முழுதாக வேலை செய்யவே ஒன்றிரண்டு மணி நேரம் பிடிக்கும். இன்சுலினில் சிக்கல் தலைகீழ். நைந்த நரம்பில் இழுத்து எடுத்து ரத்தம் சிதைந்தால், சிவப்பணுக்களிலிருந்து வெளிவரும் நொதி இன்சுலினை அழித்து அளவைக் குறைத்துக் காட்டும். ஆகவே, ரத்தம் எடுக்கும் இடத்திலேயே, ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ் உள்ள மருத்துவமனை லேப்பாக இருக்கட்டும். அரை மணிக்குள் பிரித்து, இன்சுலினுக்கும் சி-பெப்டைடுக்குமான சீரத்தைக் குளிரில் வைக்க வேண்டும். ‘எடுத்த உடனே சுத்திடுவீங்களா?’ என்று முன்கூட்டியே கேட்பதில் தப்பில்லை.

முடிவுத் தாளைப் படிப்பதில் இன்னொரு பள்ளம். பல லேப்களில் இன்சுலினுக்கு ‘2.6 முதல் 24.9 வரை நார்மல்’ என்று அச்சாகியிருக்கும். உங்களுக்கு 7 வந்தால் பக்கத்தில் நட்சத்திரக் குறி விழாது, யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஆனால் அந்த நார்மல், சர்க்கரையும் நார்மலாக இருப்பவருக்கு. குளுக்கோஸ் 44 இருக்கும்போது நலமான கணையம் இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிடும். அதனால் குளுக்கோஸ் 55-க்குக் கீழே இருக்கையில் இன்சுலின் 3 மைக்ரோ யூனிட்டோ அதற்கு மேலோ, சி-பெப்டைடு 0.6 நானோகிராமோ அதற்கு மேலோ, கீட்டோன் 2.7 மில்லிமோலோ அதற்குக் கீழோ இருந்தால், இன்சுலின்தான் குற்றவாளி. தாளில் இந்த மூன்றையும் நீங்களே வட்டமிட்டுக் கொண்டுபோங்கள்.

சர்க்கரை மாத்திரைச் சோதனையும் சுத்தமாக இருந்தால் சந்தேகம் கணையத்தின் மேல் திரும்பும். இன்சுலின் நூற்றுக்கணக்கில் எகிறினால் ஆன்டிபாடி நோய். இன்சுலின் ஏறி சி-பெப்டைடு மட்டும் அடங்கியிருந்தால், வெளியிலிருந்து ஊசி வழியாக இன்சுலின் போயிருக்கிறது. கேள்வி சங்கடமானாலும் டாக்டர் கேட்டாக வேண்டும், கோபப்பட வேண்டாம். இரண்டும் அடங்கி, கீட்டோன் நன்றாக ஏறியிருந்தால் இன்சுலின் நிரபராதி. அப்போது கார்டிசால், கல்லீரல், சிறுநீரகம் பக்கம் பார்க்க வேண்டும். பிரசவத்தில் அதிக ரத்தப்போக்கு ஆகிப் பால் சுரக்காமல் மாதவிலக்கும் திரும்பாமல் போனதா, எப்போதாவது கண்ணாடி விரியன் கடித்ததா, மூட்டு வலிக்கோ இழுப்புக்கோ ஸ்டீராய்டு மாத்திரை எடுத்துத் திடீரென நிறுத்தினீர்களா என்பதெல்லாம் கார்டிசாலைக் குறைக்கக்கூடியவை என்பதால் இங்கேதான் வரும். எடை ஏறிக்கொண்டிருக்கும் உங்களுக்கு அதற்கு வாய்ப்பு குறைவு. இருந்தாலும் ஆம் என்றால் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

தொந்தரவு உள்ளபோது எடுத்த லேப் குளுக்கோஸ் 85 என்று வரவும் வாய்ப்பு உண்டு. அப்படியானால் சர்க்கரைக் கதை அங்கே முடிந்தது. நிற்கும்போது ரத்த அழுத்தம், இதயத் துடிப்பின் ஒழுங்கு, தைராய்டு, மறுபடி நரம்பு மருத்துவர் என்று வேறு வழி போக வேண்டும். அதையும் ஏற்றுக்கொள்ளும் மனதோடு போனால்தான் எதிரில் இருப்பவரும் காது கொடுப்பார்.

யாரிடம் போவது? போர்டில் ‘சர்க்கரை நோய் நிபுணர்’ என்று இருப்பவரெல்லாம் இதற்கு உரியவர் அல்ல. எண்டோகிரைனாலஜியில் டி.எம். என்ற உயர் சிறப்புப் பட்டம் படித்த ஹார்மோன் மருத்துவரைத் தேடுங்கள். கோவையில் தனியாரிடம் பார்க்கலாம். வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர், சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை ஆகியவற்றில் இதற்கெனத் தனித் துறை உண்டு. ஓ.பி.யில் உங்களுக்குக் கிடைப்பது நாலைந்து நிமிடம். ‘மயக்கமா வருது டாக்டர்’ என்று தொடங்கினால் ஐந்தாவது முறையும் டென்ஷன்தான். அரைப் பக்கத்தில் இப்படி எழுதி நீட்டுங்கள்:

‘எனக்குச் சர்க்கரை நோய் இல்லை, அதற்கான மருந்து எதுவும் எடுப்பதில்லை. எட்டு மாதமாக, 8 முதல் 10 மணி நேரம் சாப்பிடாமல் இருந்தால் பேச்சு குழறி ஆள் அடையாளம் தெரியாமல் போகிறது. அப்போது மெஷினில் 44 முதல் 51. சர்க்கரை கொடுத்த 15 நிமிடத்தில் தெளிவு. வீடியோ இருக்கிறது. முன்பு எடுத்த ஃபாஸ்டிங் 82, டீ குடித்த பிறகு எடுத்தது. தொந்தரவு உள்ளபோது லேப் குளுக்கோஸ், இன்சுலின், சி-பெப்டைடு எடுக்க விரும்புகிறேன். தேவைப்பட்டால் அட்மிட் ஆகத் தயார்.’

அந்த மணிக் கணக்கை உங்கள் நோட்டைப் பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள். ‘எனக்கு இன்சுலினோமா இருக்கிறது’ என்று நோயின் பெயரோடு மட்டும் போகாதீர்கள். கூகுள் பார்த்து வந்தவர் என்ற முத்திரை விழுந்துவிடும். எண்களைச் சொல்லுங்கள், பெயரை அவர் சொல்லட்டும். அவரும் வேண்டாம் என்றால் கணவர் பணிவாக ஒன்று கேட்கலாம்: ‘வீட்டில் 44 இருந்ததை மட்டும் சீட்டில் குறித்துக் கொடுங்கள் சார்.’ எழுதப் பேனா எடுக்கும்போது பலர் மறுபடி யோசிப்பார்கள். பழைய மருத்துவமனைகளில் உள்ள உங்கள் குறிப்புகளையும் எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நடத்தை விதிகளின்படி, உள்நோயாளி ஏடுகளை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும்.

லேப் ரத்தத்தைத் தற்செயலாகப் பிடிக்க முடியாவிட்டால், வார்டில் சேர்த்துக் கண்காணிப்போடு பட்டினி வைப்பார்கள். பெயர் ‘72 மணி நேரப் பட்டினி’ என்றாலும், இன்சுலினோமா உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு 48 மணிக்குள் சர்க்கரை இறங்கிவிடும். விடிகாலையிலேயே இறங்கும் உங்களுக்கு முதல் நாளே முடிந்துவிடலாம். கடைசிக் கவளம் உண்ட நேரத்திலிருந்து கணக்கு. தண்ணீர் குடிக்கலாம். பகலில் நடமாட வேண்டும். ஆறு மணிக்கொரு முறை ரத்தம். குளுக்கோஸ் 60-க்கு இறங்கியதும் ஒன்றிரண்டு மணிக்கொரு முறை. 45-க்குக் கீழே போய்த் தொந்தரவும் வந்தால் முடிப்பார்கள். வெறும் எண்ணை மட்டும் பார்த்து முடிக்கக் கூடாது. நலமான மெலிந்த இளம்பெண்களுக்கே நீண்ட பட்டினியில் எந்தத் தொந்தரவும் இல்லாமல் 40களுக்கு இறங்குவதுண்டு. முடிக்கும்போது எல்லா டியூப்பும் எடுத்துவிட்டு, கல்லீரலிலிருந்து சர்க்கரையை வெளியே எடுக்கும் குளுக்ககான் என்ற ஹார்மோனை நரம்பில் 1 மி.கி. போட்டு 10, 20, 30 நிமிடங்களில் குளுக்கோஸ் பார்ப்பார்கள். 25 மி.கி. அல்லது அதற்கு மேல் ஏறினால், கல்லீரலில் சர்க்கரை இருந்தும் இன்சுலின் அதை வெளியே விடவில்லை என்று பொருள். பிறகு சாப்பாடு.

இந்தப் பட்டினி பெரும்பாலும் கெட்டுப்போவது நல்ல மனதால். அதிகாலை மூன்று மணிக்கு நர்ஸ் மெஷினில் 43 பார்த்துப் பதறி, டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டு, ரத்தம் எடுக்கும் முன்பே டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைக் கரைசலை ஏற்றிவிடுவார். இரண்டு நாள் பட்டினியும் வீண். அதற்கு முன்பே, அட்மிஷன் போடும்போது வழக்கப்படி தொங்கவிடும் குளுக்கோஸ் பாட்டிலும் இதைக் கெடுக்கும். சேரும்போதே கணவர் மூன்று விஷயம் உறுதி செய்யட்டும்: குளுக்கோஸ் டிரிப் கிடையாது, பெயர் எழுதிய காலி டியூப்கள் தலைமாட்டில் இருக்கின்றன, ‘முதலில் ரத்தம், பிறகு சர்க்கரை’ என்று கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறது. நினைவு தப்பினாலோ வலிப்பு வந்தாலோ இந்த வரிசை பார்க்காமல் உடனே சர்க்கரைதான். இந்தப் பட்டினியை வீட்டில் நீங்களாக முயலவே கூடாது.

யாராவது ஐந்து மணி நேர குளுக்கோஸ் தண்ணீர்ச் சோதனை எழுதினால் உங்களுக்கு அது பொருந்தாது என்று சொல்லலாம். நலமாக இருப்பவர்களிலேயே ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு அந்தச் சோதனையில் சர்க்கரை 50-க்குக் கீழே போகும். சாப்பிட்ட பிறகு மட்டும் இறங்குபவருக்கு, குறிப்பாக இரைப்பை அறுவை செய்துகொண்டவருக்கு, வழக்கமான சாப்பாடு கொடுத்து ஐந்து மணி நேரம் பார்ப்பதே முறை.

ஸ்கேனுக்கு அவசரப்பட வேண்டாம். ரத்தத்தில் இன்சுலின் குற்றவாளி என்று தெரியும்வரை ஸ்கேன் குழப்பத்தைத்தான் கூட்டும். பெரும்பாலான இன்சுலினோமாக்கள் 2 செ.மீ.க்கும் சிறியவை, சாதாரண வயிற்று ஸ்கேனில் ‘கணையம் நார்மல்’ என்று வந்தால் அதற்கு அர்த்தமே இல்லை. ரத்தம் உறுதியான பிறகு, சாயம் ஏற்றிக் கணையத்துக்கென்றே பல கட்டமாக எடுக்கும் சி.டி., அதில் தெரியாவிட்டால் குழாய் விட்டு உள்ளிருந்து பார்க்கும் எண்டோஸ்கோப்பிக் அல்ட்ராசவுண்ட், அதற்கும் சிக்காவிட்டால் இன்சுலின் செல்களில் ஒட்டும் மருந்தைச் செலுத்தி எடுக்கும் எக்ஸெண்டின் பெட் ஸ்கேன் என்று போவார்கள். பத்தில் ஒன்பது புற்றுநோய் அல்ல, பத்தில் ஒன்பது ஒற்றைக் கட்டி. அறுவை செய்து எடுத்தால் பெரும்பாலும் அத்தோடு தீர்ந்தது. அதனால் ‘கட்டி’ என்ற சொல்லைக் கேட்டுத் தூக்கத்தைத் தொலைக்காதீர்கள்.

அதுவரை வீட்டில் கவனமாக இருக்க வேண்டியவை. தொந்தரவு தொடங்கினால் டீயைவிட வெறும் தண்ணீரில் மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸ் பவுடரோ வேகமாக வேலை செய்யும்; சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு தாமதப்படுத்தும். பதினைந்து நிமிடத்தில் மறுபடி குத்திப் பார்த்து, 70-க்குக் கீழே இருந்தால் இன்னொரு முறை. தெளிந்ததும் இரண்டு இட்லியோ ஒரு டம்ளர் பாலோடு ரொட்டியோ சாப்பிடுங்கள். சர்க்கரைத் தண்ணீரோடு நிறுத்தினால் சிறிது நேரத்தில் திரும்ப இறங்கும். படுக்கப் போகுமுன் முட்டை, சுண்டல், பால் என்று மெல்லச் செரிப்பது ஏதாவது. மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்து ஏதாவது சாப்பிடுவதும் தற்காலிகமாகக் கைகொடுக்கும். விழுங்கும் நிலையில் இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிட்டு, ‘சர்க்கரை தாழ்ந்து மயக்கம்’ என்று சொன்னால் நரம்பில் டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றத் தயாராக வருவார்கள். காரணம் தெரியும்வரை ஸ்கூட்டர் ஓட்ட வேண்டாம். காலைச் சாப்பாட்டுக்கு முன் அடுப்புப் பக்கமும், யூனிட்டில் கட்டிங் மெஷின் பக்கமும் தனியாக நிற்காதீர்கள். யூனிட்டில் பக்கத்தில் இருக்கும் ஒருவரிடமாவது இதைச் சொல்லி, உங்கள் கைப்பையின் எந்த அறையில் குளுக்கோஸ் பாக்கெட் இருக்கிறது என்று காட்டி வையுங்கள்.